திட எரிபொருள் ராக்கெட்ல சின்ன சாட்டிலைட் அனுப்பணுமா? புதுசா வர்றவங்களுக்கு ஒரு எஸ்எஸ்எல்வி வழிகாட்டி

காலேஜ் டீமா இருந்தாலும் சரி, நாலு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச ஸ்டார்ட்அப்பா இருந்தாலும் சரி, இந்தப் பக்கம் புதுசா வர்றவங்க கேக்குற முதல் கேள்வி "ஒரு கிலோ மேல அனுப்ப எவ்வளவு ஆகும்"ங்கிறதுதான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அது நாலாவதா வரணும். எந்த ஆர்பிட், எந்த ராக்கெட், எந்த ஃப்ரீக்வென்சி, இந்த மூணையும் முடிவு பண்ணாம சர்க்யூட் போர்டு டிசைன் பண்ண உக்காந்தா பாதி வேலையை ரெண்டு தடவை செய்ய வேண்டி வரும். அதுலயும் திட எரிபொருள் ராக்கெட்ல போறதா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா அந்த ராக்கெட் உங்க சாட்டிலைட்டுக்காக வளைஞ்சு கொடுக்காது, உங்க சாட்டிலைட்தான் அதுக்கு ஏத்த மாதிரி பிறக்கணும்.

இங்க எஸ்எஸ்எல்வியை வச்சே சொல்றேன். சின்ன சாட்டிலைட்டுக்குன்னே இஸ்ரோ செஞ்ச ராக்கெட் அது, முக்கியமான மூணு கட்டமும் திட எரிபொருள், சென்னை டீம் ஒண்ணு ஏற்கெனவே அதுல ஏறியிருக்கு, இனி அது கிளம்பப் போற இடமும் தூத்துக்குடி மாவட்டத்து குலசேகரன்பட்டினம். ஐரோப்பாவோட வேகா, ஜப்பானோட எப்சிலான் மாதிரி ராக்கெட்டுக்குப் போறவங்களுக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல ராக்கெட்டைப் புரிஞ்சுக்கோங்க

அம்மோனியம் பெர்குளோரேட் தூள், அலுமினியம் தூள், ரெண்டையும் சேத்துப் பிடிச்சு வைக்க ஹெச்டிபிபிங்கிற ரப்பர் மாதிரி ஒரு பாலிமர். இதைக் கலந்து மோட்டார் கூட்டுக்குள்ள ஊத்தி, சூட்டுல வச்சு இறுக வைப்பாங்க. நடுவுல நீளமா ஒரு துவாரம் விட்டிருப்பாங்க, அந்தத் துவாரத்தோட வடிவம்தான் எந்த நொடில எவ்வளவு உந்துதல் வரணும்னு முடிவு பண்ணுது. அதாவது ராக்கெட் எப்படிப் பறக்கணும்ங்கிறதுல பெரும்பகுதி வார்ப்புக் கூடத்துலயே முடிவாயிடுது. பத்த வச்சாச்சுன்னா தீபாவளி ராக்கெட் மாதிரிதான், குறைக்க முடியாது, நிறுத்த முடியாது, எரிஞ்சு முடியிற வரைக்கும் போய்த்தான் ஆகணும்.

அப்புறம் ஏன் இதை விடாம செய்யுறாங்கன்னா, லாஞ்ச் பேட்ல நிறுத்தி டன் கணக்குல எரிபொருள் நிரப்புற வேலை இல்ல, பம்பு குழாய் வால்வு எல்லாம் ரொம்ப கம்மி, மோட்டாரை முன்னாடியே செஞ்சு ஸ்டோர் பண்ணி வச்சுக்கலாம், ஆர்டர் வந்தா சீக்கிரம் அடுக்கி ஏவலாம். நம்ம நாட்டோட முதல் சாட்டிலைட் ராக்கெட் எஸ்எல்வி-3 நாலு கட்டமும் திட எரிபொருள்தான், 1980 ஜூலை 18 அன்னிக்கு 35 கிலோ ரோகிணியை ஆர்பிட்ல வச்சது. அந்த அனுபவம் எல்லாம் சேந்ததுதான் இன்னிக்கு எஸ்எஸ்எல்வியா நிக்குது.

எஸ்எஸ்எல்வி 34 மீட்டர் உயரம், 2 மீட்டர் விட்டம், கிளம்பும்போது 120 டன். முதல் கட்டத்துல 87 டன் எரிபொருள், ரெண்டாவதுல 7.7 டன், மூணாவதுல 4.5 டன். அதுக்கு மேல விடிஎம்னு ஒரு குட்டி திரவ எரிபொருள் பகுதி, அதுல இருக்கிறது வெறும் 50 கிலோ அளவுக்கு. ஆனா அந்த 50 கிலோதான் உங்களுக்கு முக்கியம். திட மோட்டார் ஒவ்வொண்ணும் கொஞ்சம் கூடக் கொறச்சுதான் எரியும், கலவை, வெப்பநிலை எல்லாமே அதை பாதிக்கும், அந்த வித்தியாசத்தைக் கடைசில சரி பண்ணி சரியான வேகத்துல உங்களை விடுறது விடிஎம் வேலை. வேகாவுக்கும் இதே மாதிரி மேல ஒரு திரவ கட்டம் உண்டு. திட எரிபொருள் ராக்கெட்னு விளம்பரம் பாத்தீங்கன்னா முதல்ல கேளுங்க, மேல திருத்துறதுக்கு என்ன வச்சிருக்கீங்க, ஆர்பிட் பிழை எவ்வளவு வரும்னு. வர்ற பிழையை ஏத்துக்கிட்டு உங்க மிஷன் நடக்குமான்னு பேப்பர்ல போட்டுப் பாருங்க, ஏன்னா உங்க சாட்டிலைட்ல பெரும்பாலும் த்ரஸ்டர், அதாவது பாதையை மாத்துற குட்டி இன்ஜின், இருக்காது, விட்ட இடத்துலதான் வாழ்க்கை பூரா ஓடணும்.

இதுல சாட்டிலைட்டுக்கு வர்ற தொல்லை மூணு விதம். ஒண்ணு, எரிய எரிய ராக்கெட் இலேசாகிட்டே போகும், உந்துதல் அந்த அளவுக்குக் குறையாது, அதனால ஒரு கட்டம் முடியப் போற நேரத்துல ஆக்சிலரேஷன் எகிறும். ரெண்டு, மோட்டாருக்குள்ள எரியிற வாயுவே சில நேரம் ஒரு தாளத்துல ஊசலாடும், அந்த அதிர்வு மேல வரைக்கும் வரும், கிளம்புற நேரத்து சத்தம் வேற. மூணு, கட்டம் பிரியும்போது வர்ற ஷாக், சில மில்லி செகண்ட்தான் இருக்கும், ஆனா ரொம்ப உயர்ந்த ஃப்ரீக்வென்சில சுரீர்னு அடிக்கும்.

டி1 ஏன் தோத்துச்சுன்னு படிச்சே ஆகணும்

2022 ஆகஸ்ட் 7. எஸ்எஸ்எல்வியோட முதல் பயணம், அதுக்கு டி1னு பேர், உள்ள இஸ்ரோவோட இஓஎஸ்-02 சாட்டிலைட், கூடவே சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைச்ச ஆசாதிசாட், நாடு முழுக்க 750 மாணவிகள் சேந்து செஞ்ச பேலோடு, அதாவது சாட்டிலைட் சுமந்துட்டுப் போற கருவிகள், அதுல இருந்துச்சு. மூணு திட கட்டமும் நல்லாவே எரிஞ்சது. ஆனா ரெண்டாவது கட்டம் பிரிஞ்ச நேரத்துல வந்த அதிர்வு எதிர்பார்த்ததை விட அதிகம், ராக்கெட்டோட ஆக்சிலரோமீட்டர்கள் கொஞ்ச நேரத்துக்கு அளவு மீறிப் போச்சு, உள்ள இருந்த சாஃப்ட்வேர் அதைப் பாத்துட்டு சென்சார் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி, மீட்பு முறைக்கு மாறிடுச்சு. விளைவு, 356 கிலோமீட்டர் வட்ட ஆர்பிட்டுக்கு பதிலா 356க்கு 76 கிலோமீட்டர்ங்கிற நீள்வட்டம். 76 கிலோமீட்டர்னா காத்து இருக்கிற உயரம், ரெண்டு சாட்டிலைட்டும் போயிடுச்சு.

புதுசா வர்றவங்க இதுல ரெண்டு விஷயத்தை எழுதி வச்சுக்கணும். ராக்கெட் செய்யுறவங்களோட சொந்த சென்சாரையே திணறடிச்ச அதிர்வு அது, உங்க போர்டுல இருக்கிற சின்ன கைரோவும் கிரிஸ்டலும் அந்த மாதிரி அடியைத் தாங்கணும். ரெண்டாவது விஷயம் சாஃப்ட்வேர். ஒரே நொடில எல்லா சென்சாரும் தப்பா பேசுச்சுன்னா, எல்லாமே ஒண்ணா செத்துப்போச்சுன்னு நினைக்கிறதை விட, வெளியில இருந்து ஏதோ ஒரு அடி விழுந்திருக்கு, கொஞ்சம் பொறுத்து மறுபடி பாப்போம்னு நினைக்கிறதுதான் நியாயம். உங்க சாட்டிலைட்டோட சேஃப் மோட், அதாவது கோளாறு வந்தா தன்னைக் காப்பாத்திக்கிற முறை, அதோட லாஜிக்கை எழுதும்போது இதே கேள்வியை ஒவ்வொரு வரிலயும் கேளுங்க, சட்டுனு ஒரு பாகத்தை நிரந்தரமா ஒதுக்குற கோடு எழுதாதீங்க.

இஸ்ரோ அதுக்கப்புறம் ரெண்டாவது கட்டத்தோட பிரிப்பு அமைப்பையும் அந்த லாஜிக்கையும் மாத்திட்டு 2023 பிப்ரவரி 10 அன்னிக்கு டி2வை ஏவினாங்க, இஓஎஸ்-07, அமெரிக்காவோட அன்டாரிஸ் கம்பெனி ஜானஸ்-1, மறுபடி செஞ்ச ஆசாதிசாட்-2, மூணும் 450 கிலோமீட்டர்ல சரியா இறங்குச்சு. 2024 ஆகஸ்ட் 16 டி3யும் ஜெயிச்சது. ஆசாதிசாட் டீம் ஆறே மாசத்துல அடுத்த சாட்டிலைட்டோட வந்து நின்னாங்க பாருங்க, எனக்கு அதுல பெரிய மரியாதை உண்டு. பட்ஜெட் போடும்போதே முக்கியமான பாகங்களை ரெண்டு செட் வாங்குங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்குத்தான்.

ஆர்பிட்டை எப்படி முடிவு பண்றது

எஸ்எஸ்எல்வி 500 கிலோமீட்டர் உயரத்துக்கு 500 கிலோ வரைக்கும் கொண்டு போகும்னு படிச்சிருப்பீங்க. அது கிழக்குப் பக்கமா சாய்வு, அதாவது பூமத்திய ரேகையோட சேர்ற கோணம், குறைச்சலா போகும்போது. பூமியைப் படம் எடுக்கிறவங்க எல்லாரும் கேக்குற சூரிய ஒத்திசைவு ஆர்பிட்டுக்கு, அதாவது ஒரு இடத்தை எப்பவும் ஒரே உள்ளூர் நேரத்துல தாண்டுற ஆர்பிட்டுக்கு, ராக்கெட் தெற்கு நோக்கிப் போகணும். ஸ்ரீஹரிகோட்டால இருந்து நேரா தெற்கே போனா கீழ இலங்கை இருக்கு, ஊர் மேல பறக்கக்கூடாது, அதனால ராக்கெட் முதல்ல கடல் பக்கமா விலகிப் போய் அப்புறம் திரும்பணும். பிஎஸ்எல்வி மாதிரி பெரிய ராக்கெட் அந்தத் திருப்பத்துக்கு ஆகுற செலவைத் தாங்கும், எஸ்எஸ்எல்விக்கு அந்த வளைவுலயே சக்தி போயிடும்.

குலசேகரன்பட்டினம் இதுக்காகத்தான். முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் போனவங்களுக்குத் தெரியும், அங்க கரைல நின்னு தெற்கே பாத்தா கடல்தான், இலங்கை கிழக்கே ஒதுங்கிடும், ராக்கெட் வளையாம நேரா போகலாம். அங்க இருந்து சூரிய ஒத்திசைவு ஆர்பிட்டுக்கு சுமார் 300 கிலோ வரைக்கும் கொண்டு போகலாம்னு கணக்கு. 2024 பிப்ரவரி 28 அடிக்கல் நாட்டுனாங்க, 2,200 ஏக்கருக்கு மேல, 986 கோடி ரூபாய் திட்டம். மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் பக்கம்தான். உங்க மிஷனுக்கு சூரிய ஒத்திசைவு கட்டாயம்னா அந்த ஏவுதளத்தோட நாள்காட்டியையும் உங்க நாள்காட்டியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஆனா உண்மையிலேயே கட்டாயமான்னு ஒரு தடவை யோசிங்க. எஸ்எஸ்எல்வி இதுவரைக்கும் போனது 37 டிகிரி சாய்வுக்கு, அந்த ஆர்பிட்ல போற சாட்டிலைட் வடக்கே 37 டிகிரி, தெற்கே 37 டிகிரிக்கு நடுவுல சுத்தும், காஷ்மீர் வரைக்கும் இந்தியா மொத்தமும் அதுக்குள்ள வந்திடும், துருவப் பக்கம் போய் நேரத்தை வீணாக்காது, சென்னைலயோ மதுரைலயோ கிரவுண்ட் ஸ்டேஷன் வச்சிருந்தா பாஸும், அதாவது சாட்டிலைட் உங்க வானத்தைக் கடக்குற நேரமும், அதிகமா கிடைக்கும். கடல் சென்சார் டேட்டா சேகரிக்கிறது, சோதனை பேலோடு, தகவல் தொடர்பு இதுக்கெல்லாம் இது ரொம்ப நல்ல ஆர்பிட். குறை என்னன்னா ஒவ்வொரு நாளும் வேற வேற நேரத்துல உங்க ஊரைத் தாண்டும், நிழல் நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும், அதனால பவர் பட்ஜெட்டை மோசமான வாரத்துக்குப் போடுங்க.

உயரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 450, 475 கிலோமீட்டர்னா மேல இருக்கிற மெல்லிய காத்தே சில வருஷத்துல இழுத்துக் கீழ கொண்டு வந்து எரிச்சிடும், குப்பைப் பிரச்சினை தானா தீந்திடும். 600க்கு மேல போனா பல வருஷம் அங்கயே கிடக்கும், அமெரிக்க எஃப்சிசி அஞ்சு வருஷத்துக்குள்ள இறக்கணும்னு 2022ல விதி கொண்டு வந்தாச்சு, இந்தியாவும் 2030க்குள்ள குப்பை சேர்க்காத மிஷன்கள்னு இலக்கு வச்சிருக்கு. த்ரஸ்டர் இல்லாத சின்ன சாட்டிலைட்டுக்கு 500க்குக் கீழயே இருக்கிறதுதான் நிம்மதி.

யார்கிட்ட போய் சீட் கேக்குறது

2019ல ஆரம்பிச்ச நியூஸ்பேஸ் இந்தியா, அதாவது என்சில், இஸ்ரோவோட வணிகக் கை. எஸ்எஸ்எல்வி, பிஎஸ்எல்வி ரெண்டுக்கும் வணிக ஒப்பந்தம் அவங்களோடதான் போகுது. ஆஸ்திரேலியாவோட ஸ்பேஸ் மெஷின்ஸ் கம்பெனி 450 கிலோ ஆப்டிமஸ் விண்கலத்துக்கு 2024ல ஒரு முழு எஸ்எஸ்எல்வியையே அவங்ககிட்ட புக் பண்ணுச்சு. 2025 ஜூன்ல எஸ்எஸ்எல்வி தொழில்நுட்பத்தை வாங்குற ஏலத்தை அரசு விமானக் கம்பெனி ஹெச்ஏஎல் 511 கோடிக்கு ஜெயிச்சது, ரெண்டு வருஷம் இஸ்ரோவோட சேந்து கத்துக்கிட்டு அப்புறம் அவங்களே செஞ்சு விப்பாங்க. ஹைதராபாத் ஸ்கைரூட் செய்யுற விக்ரம்-1லயும் கீழ மூணு கட்டம் திட எரிபொருள்தான்.

முழு ராக்கெட்டா, கூட ஏறுறதான்னு முடிவு பண்ணணும். முழு ராக்கெட்னா ஆர்பிட்டும் தேதியும் நீங்க சொல்றது. கூட ஏறுறதுன்னா பெரிய சாட்டிலைட் போற இடத்துக்குத்தான் போகணும், அவங்க தாமதமானா நீங்களும் காத்திருக்கணும். விலைல மட்டும் பாத்தா நிறைய சாட்டிலைட்டை ஒண்ணா ஏத்திட்டுப் போற ஸ்பேஸ்எக்ஸோட டிரான்ஸ்போர்ட்டர் பயணங்களோட எந்த சின்ன ராக்கெட்டும் கிலோவுக்குக் கிலோ போட்டி போடுறது கஷ்டம், இதை மறைச்சுப் பேசுறதுல பிரயோஜனம் இல்ல. சின்ன ராக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறது உங்களுக்கு வேணுங்கிற ஆர்பிட்டுக்காக, வேணுங்கிற மாசத்துக்காக. அந்த ரெண்டும் உங்க வியாபாரத்துக்குத் தேவையில்லன்னா கூட்டத்தோட போங்க.

ஒப்பந்தத்துல கையெழுத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது: தாமதமானா என்ன, ராக்கெட் தோத்தா மறுபடி சீட் உண்டா, நீங்க லேட் ஆனா கட்டுன காசு என்ன ஆகும், இன்சூரன்ஸ் யார் பொறுப்பு. ராக்கெட் தோக்கும்ங்கிறதை ஒரு ஓரத்துல எழுதி மறந்திடாதீங்க. 2022 அக்டோபர்ல எப்சிலான் முதல் தடவையா வணிக சாட்டிலைட் ஏத்திட்டுப் போய்த் தோத்துச்சு, அதே வருஷம் டிசம்பர்ல வேகா-சியோட ரெண்டாவது பயணத்துல ஒரு திட மோட்டாரோட நாசில் தொண்டைப் பகுதி அரிச்சுப் போய் ரெண்டு பிளையடெஸ் நியோ சாட்டிலைட் போச்சு, 2025 மே 18 பிஎஸ்எல்வி-சி61ல மூணாவது கட்டத்துல அழுத்தம் குறைஞ்சு மிஷன் தோத்துச்சு, அதுவும் திட மோட்டார்தான். இவ்வளவு வருஷ அனுபவம் இருக்கிறவங்களுக்கே இது நடக்குது.

பேப்பர் வேலை: இதை இன்னிக்கே ஆரம்பிங்க

பல டீம் சறுக்குறது இங்கதான். சாட்டிலைட் ரெடியா டேபிள்ல இருக்கும், ஃப்ரீக்வென்சி அனுமதி வந்திருக்காது, சீட் வேற ஒருத்தருக்குப் போயிடும்.

இந்தியக் கம்பெனியோ காலேஜோ விண்வெளில எது செஞ்சாலும் அகமதாபாத்ல இருக்கிற இன்ஸ்பேஸ்ங்கிற மத்திய அரசு அமைப்போட அனுமதி வேணும். 2023 விண்வெளிக் கொள்கை, அதுக்கப்புறம் 2024 மே மாசம் வந்த விதிமுறைகள், ரெண்டையும் டவுன்லோட் பண்ணி முழுசா படிங்க, வக்கீல்கிட்ட கொடுத்துட்டு ஒதுங்காதீங்க. விண்ணப்பம் ஆன்லைன்லதான். சாட்டிலைட் என்ன செய்யும், யார் முதலாளி, வெளிநாட்டுப் பணம் எவ்வளவு, எப்படிக் கட்டுப்படுத்துவீங்க, ஆயுள் முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க எல்லாம் கேப்பாங்க. இவ்வளவு கேக்குறதுக்குக் காரணம் உண்டு, 1972 பொறுப்பு ஒப்பந்தப்படி உங்க சாட்டிலைட்டால வேற நாட்டுக்கு சேதம் வந்தா பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம்.

ஃப்ரீக்வென்சி தனிக் கதை. இந்தியா சார்பா, ஃப்ரீக்வென்சியை ஒழுங்குபடுத்துற சர்வதேச அமைப்பான ஐடியூவுக்கு ஃபைல் பண்றது தொலைத்தொடர்புத் துறையோட வயர்லெஸ் பிரிவான டபிள்யூபிசி, நீங்க நேரா போக முடியாது. முன்கூட்டிய அறிவிப்பு வெளியாகணும், மத்த நாடுகள் ஆட்சேபம் சொல்ல நாலு மாசம் அவகாசம், வந்த கேள்விக்கெல்லாம் பதில், அப்புறம் நோட்டிஃபிகேஷன், கூடவே உள்நாட்டு லைசென்ஸ், வெளிநாட்டு ரேடியோ வாங்குனா அதை இறக்குமதி பண்ண தனி அனுமதி. ஏவுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஃபைல் நகர்ந்திருக்கணும்னு வச்சுக்கோங்க. ரேடியோ மாடல், பேண்ட், ஆன்டெனா பவர் எல்லாம் அந்த ஃபார்ம்ல போறதால நடுவுல ரேடியோவை மாத்துனா மறுபடி ஆரம்பம். அதனாலதான் போர்டுக்கு முன்னாடி ஃப்ரீக்வென்சின்னு முதல்லயே சொன்னேன்.

அமெச்சூர் பேண்ட்ல, அதாவது பொழுதுபோக்கு ஹாம் ரேடியோக்காரங்களுக்குன்னு ஒதுக்குன 145, 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அவங்களோட சர்வதேச சங்கமான ஐஏஆர்யூகிட்ட ஒருங்கிணைப்பு வாங்கிட்டு இறங்கலாம், வேலை சுலபம்னு எல்லாரும் சொல்லுவாங்க. மாணவர் சாட்டிலைட்டுக்கு, ஹாம் ரேடியோக்காரங்களுக்குப் பிரயோஜனமா இருந்தா சரி. காசு வாங்கி டேட்டா விக்கிற வணிக சாட்டிலைட்டுக்கு அந்த பேண்ட் கிடையாது, தயவுசெஞ்சு அந்தக் குறுக்கு வழி வேண்டாம், உலகம் முழுக்க இருக்கிற ஹாம் ஆர்வலர்கள் பல வருஷமா காத்து வச்சிருக்கிற இடம் அது.

சாட்டிலைட்டை ராக்கெட்டுக்காக டிசைன் பண்றது

ராக்கெட்காரங்க ஒரு இன்டர்ஃபேஸ் ஆவணம் கொடுப்பாங்க, ஐசிடின்னு சொல்லுவோம். அதுல எடை வரம்பு, எடை மையம் எங்க இருக்கலாம், குறைஞ்சபட்ச இயல் அதிர்வெண், சைன் மற்றும் ரேண்டம் அதிர்வு அளவு, ஷாக் அளவு எல்லாம் இருக்கும். உங்க டீம்ல மெக்கானிக்கல் பாக்குறவங்க மட்டும் இல்ல, சாஃப்ட்வேர் பாக்குறவங்களும் அதைப் படிச்சிருக்கணும். இதுல இயல் அதிர்வெண், அதாவது தட்டுனா சாட்டிலைட் தானா ஆடுற அதிர்வெண், அதைத்தான் புதுசா வர்றவங்க அலட்சியம் பண்றது. ராக்கெட் அதிர்ற அதிர்வெண்ணுக்குப் பக்கத்துல உங்க சாட்டிலைட்டும் ஆடுச்சுன்னா ரெண்டும் சேந்து அதிர்வு பல மடங்கு ஏறும், அதனால சாட்டிலைட் விறைப்பா இருக்கணும். நீளமா மெல்லிசா இருக்கிற சோலார் பேனல், ஒத்தைக் கால்ல நிக்கிற ஆன்டெனா, நடுவுல பிடிமானம் இல்லாத பெரிய போர்டு, இவங்கதான் வழக்கமான குற்றவாளிங்க.

எப்படி ஒட்டுறது, எப்படிப் பிரியுறது? கியூப்சாட்னா பெட்டி மாதிரி டிப்ளாயருக்குள்ள போயிடும், மூடி திறந்ததும் ஸ்ப்ரிங் தள்ளிவிடும், 10 சென்டிமீட்டர் கனசதுர அளவுகள்ல கச்சிதமா இருந்தா போதும். அதை விடப் பெருசுன்னா இஸ்ரோகிட்ட ஐபிஎல்-230, ஐபிஎல்-298னு பந்துப் பூட்டு பிரிப்பு அமைப்புகள் இருக்கு, எண் அந்த வளையத்தோட மில்லிமீட்டர் விட்டம், உங்க அடித்தட்டோட துளைகள் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். என்னோட கருத்து, முதல் சாட்டிலைட்னா கியூப்சாட் அளவுலயே நில்லுங்க. டிப்ளாயருக்குள்ள இருக்கிறதால பாதுகாப்புக் கேள்விகள் குறையும், அதை விட முக்கியம், ஒரு ராக்கெட் தாமதமானா வேற ராக்கெட்டுக்கு மாறுறது சுலபம்.

சின்னச் சின்ன விஷயம்தான் உயிரைக் காப்பாத்தும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் டார்க் ரெஞ்சால முறுக்கி, அளவை எழுதி, தலையில பசை வைங்க. உயரமான கெப்பாசிட்டர், இண்டக்டர் எல்லாத்தையும் போர்டோட ஒட்டுங்க. கனெக்டர்ல பூட்டு இல்லாத ரகம் வேண்டாம். ஒயரைக் கட்டாம விட்டா அது ஆடி ஆடி தானே தேய்ஞ்சுக்கும். பிளாஸ்டிக், பசை, டேப் எதை உள்ள வச்சாலும் வெற்றிடத்துல வாயு விடுறதுக்கு வரம்பு இருக்கு, மொத்த எடை இழப்பு 1 சதவீதம், படியக்கூடியது 0.1 சதவீதம், அதுக்குள்ள வர்ற பொருள் மட்டும்தான், இல்லன்னா உங்க கேமரா லென்ஸ்ல மட்டும் இல்ல பக்கத்து சாட்டிலைட் லென்ஸ்லயும் படியும்.

டெஸ்ட்ல அவசரப்படாதீங்க

ஷேக்கர்ங்கிற அதிர வைக்கிற மேடைல ஏத்துனதும் முதல்ல ரொம்ப மெல்லிசா ஒரு சைன் ஸ்வீப், அதாவது அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போற அதிர்வு, ஓட்டி இயல் அதிர்வெண்களைக் குறிச்சுக்கணும். அப்புறம் முழு அளவு சோதனை. முடிஞ்சதும் மறுபடி அதே மெல்லிய ஸ்வீப். முன்னாடி எடுத்த கோடும் பின்னாடி எடுத்த கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படியணும், உச்சிகள் நகர்ந்திருந்தா உள்ள ஏதோ ஒண்ணு தளர்ந்திருக்கு, இல்ல விரிசல் விட்டிருக்கு. வெளிய பாக்க எல்லாம் அழகா இருக்குன்னு மூடி வச்சிடாதீங்க, திறந்து பாருங்க. மூணு அச்சுலயும் செய்யணும், ஒவ்வொரு அச்சுக்கு அப்புறமும் சாட்டிலைட்டை ஆன் பண்ணிப் பாக்கணும்.

ஷாக் சோதனைதான் திட எரிபொருள் ராக்கெட்டுக்குப் போறவங்க தவிர்க்கவே கூடாதது. கிரிஸ்டல் ஆசிலேட்டர், ரிலே, செராமிக் கெப்பாசிட்டர், சின்ன சால்டர் இணைப்பு இதெல்லாம் சாதா அதிர்வுல தாங்கிட்டு ஷாக்ல உடையும். ஷேக்கர்லயே ஷாக் மாதிரி ஏதோ ஒண்ணு செஞ்சுட்டு முடிச்சோம்னு எழுதாதீங்க, ஐசிடி கேக்குற அந்த உயர் ஃப்ரீக்வென்சி அளவு நிஜமா வந்துச்சான்னு கிராஃபைப் பாருங்க. அப்புறம் வெப்ப வெற்றிட அறை. அதுல நாள் கணக்கா சூடும் குளிரும் மாறி மாறி கொடுத்து, சூட்டுலயும் குளிர்லயும் ஆன் ஆகுதா, பேட்டரி சார்ஜ் ஏறுதான்னு பாக்குறது. சொந்தமா இந்த வசதி யார்கிட்டயும் இருக்காது, இன்ஸ்பேஸ் அகமதாபாத்ல தனியார் டீம்களுக்குன்னு ஒரு தொழில்நுட்ப மையம் வச்சிருக்கு, ஷேக்கர், வெற்றிட அறை எல்லாம் அங்க கிடைக்கும், வரிசை இருக்கும், அதனால தேதியை முன்னாடியே பிடிங்க.

லித்தியம் பேட்டரிக்கு யூஎன் 38.3 சோதனைச் சான்று இல்லாம எந்த ஏர் கார்கோவும் எடுக்காது. இது தெரியாம கடைசி வாரத்துல ஓடுறவங்க உண்டு.

ஸ்ரீஹரிகோட்டால

சென்னைல இருந்து சூலூர்பேட்டைக்கு லோக்கல் ட்ரெய்ன் இருக்கு, அங்க இருந்து தீவுக்குள்ள போக பாஸ் வேணும். உள்ள வரப் போறவங்க பேர், அடையாள விவரம், கொண்டு வர்ற லேப்டாப், கருவி பட்டியல் எல்லாம் முன்கூட்டியே கொடுக்கணும், வெளிநாட்டுக்காரங்க டீம்ல இருந்தா இன்னும் ரொம்ப முன்னாடி. அங்க நீங்க செய்யுற வேலை சின்னதுதான். பிரிச்சுப் பாத்து, சார்ஜ் ஏத்தி, ஒரு தடவை உயிர்ப்பிச்சுப் பாத்து, அணைச்சு, பிரிப்பு வளையத்துலயோ டிப்ளாயர்லயோ வச்சு, ஏவுறதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய சிவப்பு பின்னை எடுத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு அடியையும் செக்லிஸ்ட்ல எழுதி, ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் செய்யணும், ஒவ்வொண்ணுக்கும் ஃபோட்டோ. உள்ள ஏத்துனதுக்கு அப்புறம் சில வாரம் அப்படியே இருக்கும், அந்த நாள்கள்ல பேட்டரி தானா எவ்வளவு இறங்கும்னு முன்னாடியே அளந்து வச்சிருக்கணும்.

பிரிஞ்சதுக்கு அப்புறம்

கிளம்பி கால் மணி நேரத்துக்குள்ள நீங்க வெளிய வந்திருப்பீங்க. முதல் கட்டத்தோட 87 டன்னும் முதல் ஒன்றரை நிமிஷத்துலயே எரிஞ்சு முடிஞ்சிருக்கும். கியூப்சாட் விதிப்படி பிரிஞ்சு 30 நிமிஷத்துக்கு ஆன்டெனா விரிக்கக்கூடாது, 45 நிமிஷத்துக்கு சிக்னல் அனுப்பக்கூடாது, பக்கத்துல இருக்கிற மத்த சாட்டிலைட்டுக்குத் தொந்தரவு வரக்கூடாதுன்னுதான். அந்த டைமர் நடுவுல ரீசெட் ஆனா மறுபடி முதல்ல இருந்து எண்ணாம இருக்கணும், எழுதும்போதே பாத்துக்கோங்க.

முதல் பாஸ்ல கேக்கலன்னா பதறாதீங்க. ஒண்ணா விட்ட சாட்டிலைட்டுகள் முதல் நாள்கள்ல ஒரே கூட்டமா போகும், ரேடார் பட்டியல்ல எது உங்களோடதுன்னு யாருக்கும் தெரியாது. 435 மெகாஹெர்ட்ஸ்ல டாப்ளர், அதாவது சாட்டிலைட் வேகத்தால சிக்னல் அதிர்வெண் மாறுறது, அது மட்டுமே பத்து கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலயும் கீழயும் நகர்த்தும், அதை வச்சே எந்தப் பொருளோட பாதைக்கு உங்க பீக்கன், அதாவது சாட்டிலைட் தானா அனுப்புற அடையாள சிக்னல், பொருந்துதுன்னு கண்டுபிடிக்கலாம். பீக்கன் வடிவத்தை முன்னாடியே வெளியிட்டு வச்சா உலகம் முழுக்க இருக்கிற ஹாம் ஆட்கள் கேட்டு உங்களுக்கு அனுப்புவாங்க, ஆர்வலர்களோட கிரவுண்ட் ஸ்டேஷன்களை இணைக்கிற சாட்நாக்ஸ் வலையமைப்புல பதிவு பண்ணி வைங்க. ஒரு பாஸ் பத்து நிமிஷம்தான் இருக்கும், அதுக்குள்ள என்ன கட்டளை, எந்த வரிசைல அனுப்பணும்னு எழுதி வச்சுப் பழகியிருக்கணும், முதல் வாரம் பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை, சுழற்சி வேகம் இந்த மூணைத் தவிர எதையும் கேக்காதீங்க. பேலோடை ஆன் பண்ண சொல்லி கஸ்டமர் நச்சரிப்பாங்க, மசியாதீங்க.

ஆயுள் முடியும்போது செய்ய வேண்டிய கட்டளையையும் ஏவுறதுக்கு முன்னாடியே எழுதி டெஸ்ட் பண்ணியிருக்கணும். டிரான்ஸ்மிட்டரை நிரந்தரமா அணைக்கணும், பேட்டரிக்கு சார்ஜ் போற வழியைத் துண்டிச்சு முழுசா வடிக்கணும், த்ரஸ்டர் இருந்தா மிச்ச எரிபொருளையும் வெளியேத்தணும். அந்தக் கட்டளை தப்பித் தவறி முதல் மாசத்துலயே ஓடிடாம இருக்க ரெண்டு தனித்தனி சாவி வைங்க, ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட கொடுக்காதீங்க.